ரயில் நிலைய வரலாற்றை எழுத முனைவோருக்கு

தோட்டங்கள் சூழ்ந்த சிறு பட்டணத்தின் ரயில் நிலையத்தைப் பற்றி எழுத விரும்புவோர் பெரும்பாலும் முதலில் ஆவணங்களைத் தேடிப் போகிறார்கள். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள குளுவாங் வட்டாரத்து இளையோரிடம் நான் வற்புறுத்துவது வேறு. ஆவணங்கள் அடுத்த ஆண்டும் இருக்கும். எண்பதைக் கடந்த பெரியவர்களிடம் இந்த மாதமே போய் உட்காருங்கள்.

"ஸ்டேசனோட வரலாறு சொல்லுங்க பாட்டி" என்று கேட்டால், "எனக்கென்னய்யா தெரியும்" என்ற பதில்தான் வரும். மேடையில் என்ன விற்றார்கள், தீபாவளிக்கு யார் வந்து இறங்கினார்கள், விடியற்காலைப் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்பதற்கு) எழும்போது எந்த ரயிலின் சத்தம் கேட்டது என்று கேளுங்கள். பேச்சு தானாக வளரும். ஜப்பானியர் காலத்தைப் பற்றி நீங்களாகக் கிளற வேண்டாம். 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம்–பர்மா ரயில் பாதை போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள்; திரும்பி வராதவர்கள் ஏராளம். அதை அவர்களே எடுத்தால், குறுக்கிடாமல் முழுவதையும் பதிவு செய்யுங்கள்.

அதன் பிறகு நிலையத்துக்குப் போங்கள். அதிகாரியிடம் அனுமதி கேளுங்கள். எக்காரணத்தைக் கொண்டும் பாதையில் இறங்காதீர்கள். பழைய தண்டவாளத் துண்டுகள் சில இடங்களில் வேலிக் கம்பங்களாக நிற்கும். துருவைத் துணியால் துடைத்து, சாய்வாக வெயில் விழும் காலை நேரத்தில் பார்த்தால், தண்டவாளத்தின் பக்கவாட்டில் புடைத்த எழுத்துகளில் ஆலையின் பெயரும் ஓர் ஆண்டும் தெரியக்கூடும். அது அந்த இரும்பு ஆலையில் உருவான ஆண்டுதானே தவிர, பாதை போட்ட ஆண்டு அன்று. ஜொகூர் பாதை 1909இல் முழுமை பெற்றது என்பதையும், தண்டவாளங்கள் பிற்பாடு மாற்றப்பட்டிருக்கலாம் என்பதையும் சேர்த்தே கணியுங்கள்.

பழைய நாளிதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் தேடலாம். அங்கே அக்காலத்துப் பெயர்களையே இட வேண்டும். 1885 ஜூன் 1இல் தைப்பிங்கிலிருந்து மலாயாவின் முதல் ரயில் பாதை சென்றடைந்த ஊர் இன்று கோலா செப்பெத்தாங்; அன்றைய செய்திகளில் அது போர்ட் வெல்ட். தெலுக் இந்தானும் அன்று தெலுக் ஆன்சன்தான்.

குடும்பப் படங்களை இரவல் வாங்கினால் பின்புறத்தையும் படமெடுங்கள். ஸ்டூடியோவின் முத்திரையும் தேதியும் அங்கேதான் இருக்கும். படத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, எழுதி முடித்ததும் ஒரு படியை அந்த வீட்டுக்கும் இன்னொன்றை ஊர்த் தமிழ்ப்பள்ளிக்கும் கொண்டுபோய்க் கொடுங்கள்.