மலைக்காக முறுக்கிய திருகு

ஏப்ரல் சீசனில் நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்கு முதல் தடவை வரும் பொடியன்களைப் பார்த்தால் எனக்கு என் பழைய முகம்தான் தெரியும். 1934இல் தொடங்கிய பந்தயம். கார்கள்தான் மிட்சுபிஷி எவோ, சுபாரு, ஹொண்டா சிவிக் என்று மாறியிருக்கின்றன. மலைக்காகக் காரில் எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். ஹெல்மட், பெல்ட் பற்றி நான் பேசப்போவதில்லை. அதைக்கூடச் சொல்லித்தந்தால்தான் தெரியும் என்பவன் காருக்குள் ஏறவே கூடாது.

ரேஸ் பிரேக் பேட்

சூடானால்தான் பிடிக்கும் ரகம் அது. இங்கே ஒவ்வொரு காராக, நின்ற இடத்திலிருந்து கிளம்பி, ஒரே ஓட்டம். பேட் சூடாவதற்குள் முடிவுக்கோடு வந்துவிடும். முதல் வளைவு அதற்கு முன்னமே வந்துவிடும். தெருவில் ஓடும் நல்ல பேட் போதும்.

பின்னால் பெரிய விங்

கழற்று.

மேலே கூட்டிய பூஸ்ட்

இதில்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. பூஸ்ட் என்றால் டர்போ எஞ்சினுக்குள் அமுக்கித் தள்ளும் காற்றின் அழுத்தம்.

நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பூஸ்ட் மீட்டரோ வெளிக்காற்றுக்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும்தான் காட்டும். கொழும்பின் வெளிக்காற்றே ஏறத்தாழ 1 பார் அழுத்தம். அங்கே மீட்டர் 1 பார் காட்டினால் எஞ்சினுக்குள் போவது மொத்தம் 2 பார். மேலே அதே 1 பார் காட்டும்போது உள்ளே போவது 1.8தான். கார் சோம்புகிறதே என்று பொனட்டைத் திறந்து பூஸ்ட் திருகை முறுக்குவோம். மீட்டர் 1.2 காட்டும், இழுவை திரும்பிவிடும்.

இலவசமாகத் திரும்புவதில்லை. வெளிக்காற்றை இரண்டு மடங்காக அமுக்கிக்கொண்டிருந்த டர்போ, இப்போது இரண்டரை மடங்காக அமுக்க இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். உள்ளே போகும் காற்றும் கூடுதலாகச் சூடாகும். நல்ல எவோ ஒரு குறுகிய ஓட்டத்துக்கு இதைத் தாங்கும். என்னுடையதும் தாங்கியது, நேரமும் நன்றாக வந்தது.

மலையில் ஒன்றும் ஆகவில்லை. திருகை மறந்துவிட்டு மாலையில் கீழே இறங்கினேன். ஹற்றன் பெற்றோல் ஷெட்டில் 95 ஒக்டேன் முடிந்திருந்ததால் 92 ஒக்டேன் பெற்றோல் அடித்தேன். கித்துள்கல தாண்ட வெக்கை ஏறியது. அவிசாவளைக்குப் பிறகு நேர் ரோட்டில் ஒரு பஸ்ஸை முந்த மிதித்தேன். கடல்மட்டக் காற்றில் 1.2 என்றால் மொத்தம் 2.2 பார், அதோடு சூடான காற்று, குறைந்த ஒக்டேன். டப்பாவுக்குள் கூழாங்கல் குலுங்கியதுபோல் ஒரு சத்தம். பாட்டின் சத்தத்தில் அது வேறெங்கோ என்று நினைத்துக்கொண்டேன். பின்னால் நீலப்புகை வந்தபோதுதான் அது சிலிண்டருக்குள் பெற்றோல் தாறுமாறாக வெடித்த சத்தம் என்று புரிந்தது. பிரித்துப் பார்த்தால் மூன்றாவது பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடைந்து சிலிண்டரைக் கீறியிருந்தது. எவோவின் 4ஜி63 எஞ்சின் பிளொக் வார்ப்பிரும்பு, அது பிழைத்தது. செலவில் ஒரு மோட்டார்சைக்கிள் வாங்கியிருக்கலாம்.

இப்போது என் ஸ்டியரிங்கில் மஞ்சள் டேப் ஒட்டாமல் திருகைத் தொடமாட்டேன். திருகு பழைய இடத்துக்கு வந்த பிறகுதான் டேப்பைப் பிய்ப்பேன். போன வருடம் பக்கத்தில் நின்ற தம்பிக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். சிரித்துக்கொண்டே சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

டர்போ இல்லாத சிவிக்

அந்த ஐந்தில் ஒரு பங்கு போனது போனதுதான். எக்ஸோஸ்ட் மாற்றிச் சத்தத்தைத்தான் கூட்டலாம். காசு இருந்தால் பைனல் டிரைவை, அதாவது சக்கரத்துக்கு முன்னால் வரும் கடைசிக் கியரை, மாற்று.

டயர் காற்று

கொழும்பில் அடித்ததை நம்பாதே. மேலே வந்து, விடியற்காலைக் குளிரில் பார்.