டிரெட்மில்லில் விமானம் ஏறுமா? நன்றாகப் படித்தவர்களும் வழுக்கும் இடங்கள்

ஓசூரை அடுத்த பேளகொண்டப்பள்ளியில் ஏறத்தாழ 7,000 அடி நீளத்தில் தனியார் ஓடுதளம் ஒன்று இருக்கிறது. அந்தப் பக்கம் சிறு விமானம் ஏதாவது தாழப் பறந்தால் போதும், என்னிடம் இயற்பியல் படிக்கும் பிளஸ் டூ பிள்ளைகளில் யாராவது ஒருவர் அந்தப் பழைய கேள்வியைக் கிளப்பிவிடுவார். ஓடுதளம் முழுவதையும் டிரெட்மில் பெல்ட்டாக மாற்றி, விமானம் எவ்வளவு வேகத்தில் முன்னே போகிறதோ அதே வேகத்தில் பெல்ட்டைப் பின்னால் ஓடவிட்டால், விமானம் மேலே ஏறுமா?

ஏறும். இதைச் சொன்னதும் சண்டை ஓயும் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள்; அப்போதுதான் அது தொடங்கும். ஏறாது என்று அடித்துப் பேசுபவர்கள் மந்தமானவர்கள் அல்லர். பெரும்பாலும் வண்டி ஓட்டிப் பழகியவர்கள். அந்தப் பழக்கம்தான் காலை வாருகிறது.

காரிலும் பைக்கிலும் என்ஜின் சக்கரத்தைச் சுழற்றுகிறது, சக்கரம் தரையைப் பின்னே தள்ளுகிறது, வண்டி முன்னே போகிறது. தரையே பின்னால் ஓடினால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். இந்தக் கணக்கை அப்படியே விமானத்தின் மேல் ஏற்றுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய். விமானத்தின் என்ஜின் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. புரொப்பல்லரோ ஜெட்டோ காற்றைப் பின்னே தள்ளுகிறது. காற்று விமானத்தை முன்னே தள்ளுகிறது. சக்கரம், பாரம் சுமந்தபடி சும்மா உருள்கிறது.

மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். வண்டிச் சக்கரங்கள் மட்டும் பெல்ட்டின் மேல் இருக்கின்றன. மாடுகள் பெல்ட்டுக்கு வெளியே கெட்டித் தரையில் நிற்கின்றன. பெல்ட் எப்படி ஓடினாலும் மாடுகள் நடந்தால் வண்டி வரும். சக்கரம் கொஞ்சம் வேகமாகச் சுழலும், அவ்வளவுதான். விமானத்துக்கு அந்த மாடுகள் மிதிக்கும் கெட்டித் தரை காற்று.

வாயால் சொன்னால் நம்பாத இருவரை ஒரு நாள் கிருஷ்ணகிரியில் நண்பர் ஒருவரின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். கையில் ஒரு பொம்மை லாரி, அரை கிலோ புளிப் பொட்டலம், நூல், பள்ளி ஆய்வகத்துச் சுருள்வில் தராசு. லாரியில் புளியை ஏற்றி, அதன் மூக்கில் நூலைக் கட்டி, நூலின் மறுமுனையைத் தராசின் கொக்கியில் மாட்டி, தராசை டிரெட்மில்லின் முன்கம்பியில் கட்டினோம். பெல்ட்டை மணிக்கு 3 கிலோமீட்டரில் ஓடவிட்டபோது தராசு முள் 30 கிராமை ஒட்டி நடுங்கியது. 6-க்கு ஏற்றினோம், அதே 30. 12-க்கு ஏற்றியபோது லாரியின் சக்கரங்கள் கிரீச்சிட்டன, நண்பர் பெல்ட் வீணாகிவிடும் என்று முணுமுணுத்தார், முள் மட்டும் பெரிதாக அசையவில்லை. பிறகு தராசைக் கையில் பிடித்து மெல்ல இழுத்தேன். பின்னால் ஓடும் பெல்ட்டின் மேல் லாரி நிதானமாக முன்னேறி வந்தது.

பெல்ட் வேகமாக ஓடினால் விமானத்தை வேகமாகப் பின்னே இழுக்கும் என்ற நினைப்பு அந்த முள்ளிடம் தோற்றது. உருளும் சக்கரத்தின் வழியே பெல்ட் தரக்கூடிய இழுப்பு பாரத்தைப் பொறுத்தது. வேகத்தைப் பொறுத்து அது அதிகம் மாறுவதில்லை. செஸ்னா 172 என்ற நான்கு இருக்கை விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பாரத்தோடு சுமார் 1,100 கிலோ. அதன் சக்கரங்கள் உருளும்போது எழும் எதிர்ப்பு இருபது கிலோ எடை அளவுதான். புறப்படும்போது புரொப்பல்லர் தரும் இழுவையோ இருநூறு கிலோவுக்கு மேல். மணிக்கு நூறு கிலோமீட்டரை ஒட்டி அது தரையை விட்டு எழும். பெல்ட்டும் நூறில் பின்னே ஓடினால் சக்கரம் இருநூறில் சுழன்றிருக்கும். டயர் தாங்குமா என்பது நியாயமான கவலை. ஆனால் அது டயர் செய்பவரின் கவலை. நம் கேள்விக்கு அதனால் விடை மாறாது.

இந்தச் சோதனையைப் பிள்ளைகள் வீட்டில் செய்யும்போது பேட்டரி கார் வைத்துச் செய்துவிட்டு, "நீங்கள் சொன்னது தவறு சார், கார் நகரவே இல்லை" என்று வெற்றியோடு வருவார்கள். பேட்டரி காரில் மோட்டார் சக்கரத்தைத்தான் சுழற்றுகிறது. அங்கே நிற்பது கார், விமானம் அல்ல.

கேள்வியைச் சரியாகக் கேட்காததும் ஒரு தவறுதான். சிலர் "விமானத்தின் வேகம்" என்பதற்குப் பதில் "சக்கரத்தின் வேகம்" என்று சொல்லிவிடுகிறார்கள். சிறிய மாற்றம்தான், ஆனால் கேள்வியே தலைகீழாகிவிடுகிறது. விமானம் 10-ல் முன்னே, பெல்ட் 10-ல் பின்னே என்றால் சக்கரம் 20-ல் சுழல்கிறது. அதை எட்டிப் பிடிக்கப் பெல்ட் 20-க்குப் போனால் சக்கரம் 30-க்குப் போய்விடும். பெல்ட் 30 என்றால் சக்கரம் 40. விமானம் அசையாமல் நின்றால் மட்டுமே இரண்டும் சமமாகும். அதாவது, நிபந்தனைக்குள்ளேயே "விமானம் நகரக்கூடாது" என்று ஒளித்து வைத்துவிட்டு, நகருமா என்று நம்மிடம் கேட்கிறார்கள்.

பிடிவாதமாக அப்படியும் நிறுத்திக் காட்ட ஒரு வழி உண்டு. பெல்ட்டின் வேகத்தை ஒவ்வொரு நொடியும் வெறித்தனமாகக் கூட்டிக்கொண்டே போனால், சக்கரத்தின் நிலைமத்தால், அதாவது தன் சுழற்சி வேகம் மாறுவதை அது எதிர்ப்பதால், அச்சில் பின்னிழுப்பு ஒன்று எழும். செஸ்னாவைப் பிடித்து நிறுத்த நொடிக்கு நொடி மணிக்கு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கூட்ட வேண்டியிருக்கும். அத்தனை வேகத்தில் ஓடும் பெல்ட் மேலே இருக்கும் காற்றையும் இழுத்துப் போகும். அந்தக் காற்று விமானத்துக்கு எதிர்க்காற்று. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: நிறுத்துவதற்காக வைத்த பெல்ட்டே தூக்கிவிடக்கூடும்.

ஏறும் என்பதை ஒப்புக்கொண்டவர்களில் பாதிப் பேர் அடுத்த குழியில் விழுகிறார்கள். அப்படியானால் விமானம் நின்ற இடத்திலிருந்தே எழும்புமா, பேளகொண்டப்பள்ளியின் 7,000 அடி தேவையில்லையா என்று கேட்கிறார்கள். தேவை. இறக்கைக்கு வேண்டியது அதன் மேல் வீசும் காற்று. அதற்கு விமானம் வழக்கமான தூரம் ஓடியே தீர வேண்டும். பெல்ட் அந்தத் தூரத்தில் ஒரு முழம்கூடக் குறைத்துத் தராது. குறைப்பது எதிர்க்காற்று. விமானம் தாங்கிக் கப்பல்கள் விமானங்களை ஏவும்போது காற்றை எதிர்த்துத் திரும்பி விரைவது அதற்காகத்தான். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். அம்மியை விடுங்கள், வெளியில் நிறுத்திய சிறு விமானங்களைக் கயிறு போட்டுக் கட்டி வைக்கிறார்கள்.

2008-ல் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று இதை உண்மையான விமானத்தை வைத்தே செய்துபார்த்தது. இலகு ரக விமானம் ஒன்றை நீண்ட தார்ப்பாயின் மேல் நிறுத்தி, தார்ப்பாயை வண்டி ஒன்று எதிர்த்திசையில் இழுத்தது. ஏறாது என்று நம்பியவர்களில் அதை ஓட்டிய விமானியும் ஒருவர். விமானம் ஏறிவிட்டது.

உடற்பயிற்சிக் கூடத்திலிருந்து திரும்பும்போது, அதுவரை வாய் திறக்காமல் வந்த பையன் கேட்டான்: "சார், ஒகேனக்கல் போல ஓட்டம் உள்ள தண்ணீரில், சக்கரத்துக்குப் பதில் மிதவை கட்டிய விமானம் எதிர்நீச்சலில் புறப்பட்டால்?" வழி நெடுக யோசித்தேன். சக்கரத்தின் எதிர்ப்பு வேகத்தைக் கண்டுகொள்வதில்லை. தண்ணீரின் எதிர்ப்பு அப்படியல்ல, வேகம் கூடக் கூட மளமளவென்று ஏறும். பரிசல் தள்ளுபவரைக் கேட்டால் தெரியும். ஆற்றின் ஓட்டம் 10 என்றால், நூறில் எழ வேண்டிய விமானத்தின் மிதவைகள் தண்ணீரை நூற்றுப்பத்தில் கிழிக்க வேண்டும். அங்கே பெல்ட் உண்மையிலேயே பிடித்து இழுக்கிறது. அடுத்த முறை தராசை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போக வேண்டும். புளிப் பொட்டலத்தை மட்டும் வீட்டில் வைத்துவிடலாம்.