கட்டுநாயக்கவிலிருந்து வடக்கும் கிழக்கும்: தாயகத்தைக் காரில் சுற்றிவரத் திட்டமிடுவோருக்கு

கனடாவிலும் ஐரோப்பாவிலும் நெடுஞ்சாலைகளில் ஓட்டிப் பழகியவர்களுக்குக் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரையிலான ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஒரு காலைப்பொழுதுப் பயணமாகவே தோன்றும். உண்மையில் அதற்கு ஏழு, எட்டு மணி நேரம் தேவைப்படும். பாதையின் பெரும்பகுதியில் போக்குக்கும் வரத்துக்கும் ஒவ்வொரு தடமே உண்டு. அதே தடத்தில் துவிச்சக்கரவண்டியும் உழவு இயந்திரமும் முச்சக்கரவண்டியும் செல்லும்; முந்த முனையும் தனியார் பேருந்து நேரெதிரே வரும். கார்களுக்கான வேக எல்லையும் குடியிருப்புகள் நிறைந்த பகுதிகளில் மணிக்கு 50, மற்ற வீதிகளில் 70 கிலோமீற்றர்தான். ஆகவே இலங்கையில் பயணத்தைக் கிலோமீற்றரால் அளக்காமல் பகல் வெளிச்சத்தால் அளந்து திட்டமிடுங்கள். ஆண்டு முழுவதும் சூரியன் காலை ஆறு மணியளவில் உதித்து மாலை ஆறு, ஆறரைக்குள் மறைந்துவிடும். அந்தப் பகலுக்குள் முடியாத பயணத்தை இரண்டு நாட்களாகப் பிரித்துக்கொள்வதே நல்லது.

இதை நான் வற்புறுத்துவதற்குக் காரணம், நம்மவர்களிடையே ஊறிப்போன ஒரு வழக்கம். லண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ வருபவர் இரவில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்குவார். அவரை ஏற்றுவதற்கு ஊரிலிருந்து உறவினர்கள் வான் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்திருப்பார்கள். எல்லோரும் கட்டியணைத்து, பெட்டிகளை ஏற்றி, அந்த இரவே யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்படுவார்கள். அந்த வானின் சாரதி அன்று பகல் முழுவதும் வடக்கிலிருந்து ஓட்டி வந்து, மணிக்கணக்கில் வாகனத் தரிப்பிடத்தில் காத்திருந்துவிட்டு, உறங்காமல் மீண்டும் அதே தூரத்தை ஓட்டுகிறார் என்பதை அந்த மகிழ்ச்சியில் எவரும் நினைத்துப் பார்ப்பதில்லை. விடியற்காலை இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில், வன்னியின் நேரான வீதியில், உள்ளே அனைவரும் உறங்கிக்கொண்டிருக்கையில் அவருடைய கண்ணும் செருகினால் அந்தக் குடும்பம் முழுவதும் அதற்கு விலை கொடுக்க நேரும். இதைத் தவிர்ப்பதற்குச் சிறிதளவு பணமும் ஓர் இரவுமே தேவை. விமான நிலையத்துக்கு அருகிலேயே நீர்கொழும்பில் எல்லா வசதிக்கும் ஏற்ற தங்குமிடங்கள் உள்ளன. சாரதிக்கும் ஒரு படுக்கையைச் சேர்த்துப் பதிவு செய்துவிட்டு, காலை ஐந்தரைக்குப் புறப்படுங்கள். ஊரில் காத்திருக்கும் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவரும் நிம்மதியாக உறங்குவார்.

நீர்கொழும்பிலிருந்து புறப்படுவதில் மற்றொரு வசதியும் உண்டு. கொழும்பு நெரிசலுக்குள் நுழையாமல் ஏ3 வீதியால் சிலாபம், புத்தளம் சென்று, அங்கிருந்து ஏ12 வீதியால் அனுராதபுரத்தை அடைந்து, மதவாச்சி, வவுனியா வழியாக ஏ9 வீதியில் யாழ்ப்பாணம் போகலாம். சிலாபத்தை அடுத்த முன்னேஸ்வரத்தில் வழிபட்டுக் காலையுணவை முடித்துக்கொள்வது பலருக்கும் பிடித்தமான ஒழுங்கு. வவுனியாவுக்கு வடக்கே முறிகண்டிப் பிள்ளையாரைக் கும்பிடாமல் போகும் வாகனங்கள் குறைவு. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, கால்களை நீட்டி நடக்க அது பொருத்தமான இடமும்கூட.

நாட்களைக் கூடுதலாக வைத்திருப்பவர்கள் போன வழியால் திரும்பாமல் சுற்றிவருவதையே நான் விரும்பிப் பரிந்துரைப்பேன். மதவாச்சியில் ஏ14 வீதிக்குத் திரும்பி மன்னாருக்குச் சென்று, திருக்கேதீச்சரத்தைத் தரிசித்து, ஏ32 வீதியால் பூநகரி ஊடாகச் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணத்துக்குள் நுழையலாம். 2011இல் அந்தப் பாலம் திறக்கப்பட்டதால், முன்பு இறங்குதுறையில் காத்துக் கிடந்த தலைமுறைக்கு இவ்வழி புதிய பாதையாகவே இருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலை. அங்கிருந்து ஏ15 வீதியால் கிண்ணியா, மூதூர், வாகரை ஊடாக மட்டக்களப்பு. இக்கரையோரப் பாதையிலும் முன்பு படகுப்பாதைகளை நம்பியே போகவேண்டியிருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலமும் அதைத் தொடர்ந்து ஏனைய பாலங்களும் திறக்கப்பட்டு அந்நிலை மாறியது. மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவை, ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் வழியாக மேற்கே திரும்பினால் சுற்று முழுமையடையும். ஒவ்வொரு ஊரிலும் குறைந்தது இரண்டு இரவுகள் தங்காவிட்டால் வீதியைத்தான் பார்த்திருப்பீர்கள், ஊரைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

தாமே ஓட்ட விரும்புவோர் முதலில் அனுமதிப்பத்திரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். வெளிநாட்டுச் சாரதி அனுமதிப்பத்திரம் மட்டும் போதாது. சர்வதேச அனுமதிப்பத்திரத்தைக் கொண்டுவந்து கொழும்பில் இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளலாம்; அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதிப்பத்திரத்தைப் பெறலாம். அதற்கான கருமபீடம் 2025 ஆகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே இயங்குகிறது. மைத்துனரின் காரை இரவல் வாங்குபவர்களும் இதில் அசட்டையாக இருக்கக்கூடாது. செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இல்லாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்புறுதி கைகொடுக்காமல் போகலாம், சுமை காரைத் தந்தவரின் தலையிலும் விழும். வாகன வரி செலுத்தியதற்கான வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ், புகைப் பரிசோதனைச் சான்றிதழ் ஆகியவை நடப்புத் திகதியில் உள்ளனவா எனப் புறப்படுமுன் பார்த்துவிடுங்கள். பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ், நோர்வே, கனடா ஆகிய நாடுகளில் வலப்பக்கமாக ஓட்டிப் பழகியவர்கள் இங்கே இடப்பக்கத்துக்கு மாறவேண்டும். நேர்வீதியைவிட, உணவு முடித்து வெறிச்சோடிய வீதிக்குள் திரும்பும் கணத்தில்தான் பழைய பழக்கம் கையை இழுக்கும். முதன்முறையாக வருபவர்கள் சாரதியுடன் வாகனம் அமர்த்துவதே சிறந்தது என்பது என் எண்ணம். அப்போது கூலி கிலோமீற்றருக்கா நாளுக்கா, எரிபொருளும் சாரதியின் உணவும் தங்குமிடமும் அதில் அடங்குமா என்பவற்றை முன்கூட்டியே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை, ஒக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடக்கும் கிழக்கும் மாரிமழையில் நனையும். குளங்கள் நிரம்பி வழிந்தால் தாழ்ந்த வீதிகள் மூடப்படும். 2025 நவம்பர் இறுதியில் தாக்கிய டித்வா புயல் நாடெங்கும் வீதிகளையும் பாலங்களையும் சேதப்படுத்தியது. ஆகையால் கைத்தொலைபேசி காட்டும் வரைபடத்தை மட்டும் நம்பாமல், அந்தப் பகுதியில் வசிப்பவரிடம் முதல்நாளே பாதை நிலையைக் கேட்டறிவது அவசியம். ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் மழைத்தொல்லை இல்லை. ஆனால் நல்லூர்த் திருவிழாவும் ஓகஸ்ட் 15இல் நிறைவுறும் மடுத் திருவிழாவும் அக்காலத்தில் வருவதால் வாகனமும் தங்குமிடமும் பல வாரங்களுக்கு முன்பே பதிவாகிவிடும். பௌத்த யாத்திரிகர்கள் திரளும் ஜூன் மாதப் பொசன் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அனுராதபுரத்தைக் கடப்பதும் எளிதல்ல.

இருட்டியபின் ஓட்டவேண்டாம் என்பதற்குச் சாரதியின் களைப்பு மட்டும் காரணமன்று. ஹபரணையிலிருந்து திருகோணமலைக்கும் பொலன்னறுவைக்கும் செல்லும் வீதிகளிலும், புத்தளம் - அனுராதபுரம் வீதியிலும் மாலையானதும் யானைகள் குறுக்கே வரும். யானையைக் கண்டால் தூரத்திலேயே நிறுத்தி, ஹோர்ன் அடிக்காமல் வழிவிடுங்கள்; வாழைப்பழம் நீட்டுவது உயிருக்கு ஆபத்து. வன்னியில் கட்டாக்காலி மாடுகள் பகற்சூடு ஆறாத தார் வீதியிலேயே இரவில் படுத்திருக்கும். கறுத்த மாடு முன்விளக்கு வெளிச்சத்தில் தெரியும்போது நிறுத்துவதற்கு இடம் இருக்காது. முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் பணி நெடுங்காலமாக நடந்துவருகிறது. சிவப்பு அறிவிப்புப் பலகை உள்ள நிலத்துக்குள், சிறுநீர் கழிக்கவோ படம் எடுக்கவோகூட, பிள்ளைகளை இறங்க விடாதீர்கள்.

குழந்தை இருக்கையை வீட்டிலிருந்தே எடுத்துச் செல்லுங்கள். வாடகை வான்களில் அது கிடைப்பது அரிது, பின்னிருக்கைப் பட்டி வேலை செய்கிறதா என்பதையும் வாகனம் பேசும்போதே கேட்கவேண்டும். முதியவர்களின் மருந்துகள் மேலே ஏற்றிய பெட்டிக்குள் போகாமல் கைப்பையில் இருக்கட்டும். மன்னார் - பூநகரி வீதியில் எரிபொருள் நிலையங்கள் குறைவு என்பதால் மன்னாரிலேயே பெற்றோலை நிரப்பிக்கொள்ளலாம்.

விபத்தோ திடீர்ச் சுகவீனமோ நேர்ந்தால் 1990 என்ற இலக்கம் இலவச அம்புலன்ஸ் சேவைக்கானது, தமிழிலும் பேசலாம். பொலிஸாருக்கு 119. எங்கே நிற்கிறீர்கள் என்று அவர்கள் முதலில் கேட்பார்கள். பெயர் தெரியாத காட்டுப்பகுதியாயின், வீதியோரக் கிலோமீற்றர்க் கல்லின் எண்ணையும் வீதி இலக்கத்தையும் சொல்லுங்கள். ஏ9 வீதியின் கற்கள் கண்டியிலிருந்து எண்ணப்படுபவை என்பதால், அதிலுள்ள தொகை கொழும்பிலிருந்து நீங்கள் கடந்த தூரத்தோடு பொருந்தாது. கல்லில் இருப்பதை அப்படியே வாசித்தால் போதும்.