மலைநாட்டுப் படகின் தேய்ந்த தேக்கு விளிம்பைப் புதுப்பித்தல்

இலங்கை மலைநாட்டின் நோர்வூட் பக்கம் நான் பராமரித்து வரும் துடுப்புப் படகின் உடல் கண்ணாடியிழையால் ஆனது. அதன் விளிம்புச் சட்டம், இரண்டு இருக்கைப் பலகைகள், சுக்கான் பிடி ஆகியவை மாத்திரம் தேக்கு. இத்தகைய படகு வைத்திருப்போர் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: மரம் சாம்பல் நிறமாகி, வரிவரியாகப் பள்ளம் விழுந்து, பழைய வார்ணிஷ் செதில் செதிலாகக் கழன்று நிற்கும்போது எங்கிருந்து தொடங்குவது? அரத்தாளை எடுத்துத் தேய்க்கத் தொடங்குவதே பலரும் செய்யும் முதற்பிழை. தேய்த்து எடுத்த தேக்கு திரும்பி வராது. 20 மில்லிமீற்றர் தடிப்புள்ள சட்டம் ஆண்டுதோறும் அரைமில்லிமீற்றர் இழந்தால், பத்து ஆண்டுகளில் திருகாணிகளின் தலைகள் வெளியே எட்டிப் பார்க்கும்.

படகு மரத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரைகள் ஏறத்தாழ அனைத்தும் கடற்கரையிலிருந்து வருபவை. அவற்றை அப்படியே மலைக்குக் கொண்டுவருவதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. மரத்தை உக்கச் செய்யும் பூஞ்சணத்தைக் கடலின் உப்பு ஓரளவு அடக்கி வைக்கிறது; நமது நீர்த்தேக்கங்களில் இருப்பதோ நன்னீர், மேலிருந்து விழுவதோ மழைநீர். ஆகவே கடற்படகைவிட நமது படகின் மரம், அதிலும் திருகாணித் துளைகளையும் பலகைகளின் வெட்டுமுனைகளையும் சுற்றியுள்ள பகுதி, விரைவாக உக்க இடமுண்டு. மற்றையது வெயில். குளிர் அடிப்பதால் வெயில் குறைவு என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். ஆனால் கழியூதாக் கதிர்களின் வலிமை ஒவ்வோர் 1000 மீற்றர் உயரத்துக்கும் ஏறத்தாழ 10 முதல் 12 வீதம் வரை கூடுகிறது; நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மர நார்களைப் பிணைத்து வைத்திருக்கும் இலிக்னினைச் சிதைத்து மரத்தைச் சாம்பல் நிறமாக்குவது இந்தக் கதிர்தான். வார்ணிஷை அடியிலிருந்து பிரித்தெடுப்பதும் அதுவே.

எனவே காலத்தைத் தெரிவு செய்வதே வேலையில் பாதி. ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பகுதிகளில் சனவரி நடுப்பகுதியிலிருந்து மார்ச் இறுதிவரை நல்ல காலம். மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் செப்டெம்பர் வரை வார்ணிஷ் டின்னைத் திறக்கவே வேண்டாம். ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம் சேர்வதால், படகு ஓட்டிப் பிழைப்போருக்கும் மார்ச் முடிவதற்குள் வேலை முடிந்திருப்பது நல்லது. பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்தில் இருப்போருக்குக் கணக்கு வேறு: அங்கே கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் யூன் முதல் ஓகஸ்ட் வரையான மாதங்களே உலர்ந்தவை.

படகைக் கரையேற்றிக் கூரையின் கீழ் வைத்தபின், முதல் நாள் பார்வையிடுவதற்கு மாத்திரம் செலவிடுங்கள். கூர்மையான குத்தூசி ஒன்றால் ஒவ்வொரு சாணுக்கும் ஒருமுறை மரத்தை அழுத்திப் பாருங்கள். வைரம் பாய்ந்த தேக்கு ஊசியை உள்ளே விடாது. பஞ்சு போல இறங்கினால் அந்த இடம் உக்கியிருக்கிறது. வைரத்தைச் சூழ்ந்த வெளிறிய மேற்கட்டைப் பகுதி கலந்த பலகையாயின் அந்தப் பக்கமே முதலில் போகும், ஏனெனில் தேக்கின் புகழெல்லாம் அதன் வைரத்துக்கு உரியது. உங்களிடம் இருப்பது தேக்குத்தானா என்பதையும் இப்போதே உறுதி செய்துகொள்ளுங்கள். மறைவான ஓரிடத்தில் உளியால் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து முகர்ந்தால் பதனிட்ட தோலின் வாசம் வீசும். விரலுக்கு இலேசான எண்ணெய்ப் பசை தெரியும். சிவப்புச் சாயலுடன் எண்ணெய்ப் பசையின்றி இருந்தால் அது மகோகனியாக இருக்கலாம். மஞ்சளாக இருந்தால் பலாவாக இருக்கலாம். அவற்றையும் இதே முறையில் புதுப்பிக்கலாம். ஆனால் வார்ணிஷ் இன்றி வெறுமனே விடமுடியாது.

பழைய வார்ணிஷ் ஓரிரு இடங்களில் மட்டும் உரிந்திருந்தால் அந்த இடங்களைத் திருத்தி மேலே பூசினால் போதும். பாதிக்கு மேல் கழன்றுவிட்டதாயின் முழுவதையும் அகற்றுவதே முறை. சூடான காற்றை வீசும் துப்பாக்கியால் இளக்கி, கூரான சுரண்டியால் நார் ஓடும் திசையில் சுரண்டி எடுப்பது எளிது. ஆனால் கண்ணாடியிழையை ஒட்டிய இடங்களில் இந்தச் சூடு உடலின் மேற்பூச்சைக் கொப்புளிக்கச் செய்துவிடும். அங்கே கைச்சுரண்டியே பாதுகாப்பு. நமது பழைய தச்சு பாஸ்மார் உடைந்த கண்ணாடித் துண்டின் விளிம்பால் சுரண்டுவார்கள். அரத்தாளைவிட அது குறைவாக மரத்தை எடுக்கிறது என்பதை நானும் கண்டிருக்கிறேன். தடித்த கையுறை மட்டும் அவசியம்.

அடுத்தது கழுவுதல். மென்மையான தூரிகையும் சவர்க்கார நீரும் கொண்டு, நாருக்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். நாரின் வழியே தேய்த்தால் வரிகளுக்கு இடையே உள்ள மென்மையான பகுதி கரைந்து, ஏற்கெனவே உள்ள பள்ளங்கள் ஆழமாகும். இரும்பு நார்க்கட்டியைத் தொடவே கூடாது. அதிலிருந்து உதிரும் துகள்கள் ஈரத்தில் துருப்பிடித்து, மரத்திலுள்ள தனின் என்ற துவர்ப்புப் பொருளுடன் சேர்ந்து கரும்புள்ளிகளாகிவிடும்.

அத்தகைய கருங்கறை ஏற்கெனவே இருந்தால் ஒக்சாலிக் அமிலம் அதை நீக்கும். ஒரு லீற்றர் இளஞ்சூட்டு நீரில் 50 முதல் 80 கிராம் வரை கரைத்து, பிளாஸ்ரிக் வாளியிலிருந்து தூரிகையால் பூசி, 15 நிமிடம் அளவில் ஊறவிட வேண்டும். மரத்தின் சாம்பல் நிறம் கண்ணெதிரே தேன்நிறமாக மாறுவதைக் காணலாம். இந்த அமிலம் நஞ்சு. கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் இன்றி இதைக் கையாளக் கூடாது. நிறம் வெளுத்தபின் நல்ல நீரால் பலமுறை கழுவி, ஒரு லீற்றர் நீருக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் அப்பச்சோடா கரைத்த நீரைப் பூசி, மீண்டும் கழுவுங்கள். அமிலம் சரியாகக் கழுவப்படாமல் உலர்ந்துவிட்டால், பின்னர் தேய்க்கும்போது கிளம்பும் தூள் மூக்கையும் தொண்டையையும் புண்ணாக்கும். இந்த வேலையை நீர்த்தேக்கக் கரையில் செய்யாதீர்கள். கழுவிய நீர் குளிக்கும் துறைக்கோ மீன்பிடிக்கும் இடத்துக்கோ பீலிக்கோ ஓடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது காத்திருக்க வேண்டும். கொழும்பில் இரண்டு நாளில் உலரும் பலகைக்கு இங்கே ஒரு வாரம், சில வேளைகளில் இரண்டு வாரம் வேண்டும். ஈரம் அளக்கும் கருவி இல்லாதவர்கள், ஒரு சாண் சதுரப் பொலித்தீன் துண்டின் நான்கு ஓரங்களையும் மரத்தின்மேல் நாடாவால் ஒட்டி, நண்பகல் வெயிலில் சில மணிநேரம் விட்டுப் பார்க்கலாம். உட்புறத்தில் ஆவி படிந்தால் மரம் இன்னும் ஆயத்தமாகவில்லை. துல்லியமான அளவு அன்று எனினும் பொறுமையின்மையைத் தடுக்க இது போதும்.

உக்கிய பகுதி இருந்தால் அதைச் செப்பனிடுவது இந்தக் கட்டத்தில்தான். உக்கியதை நல்ல மரம் தெரியும்வரை வெட்டி எடுத்து, அதே நிறமும் நார்த்திசையும் கொண்ட துண்டு ஒன்றைப் பொருத்த வேண்டும். பழைய பங்களாக்களைத் திருத்தும்போது கழித்துவிடப்படும் ஜன்னல் சட்டங்களில் நன்கு முதிர்ந்த தேக்கு அகப்படுவதுண்டு. புது மரத்தைவிட அது நிறத்தில் பொருந்தும். சட்டத்தின் நீளவாக்கில் இணைக்கும் இடத்தை நேராக வெட்டாமல், தடிப்பு ஒரு பங்கானால் சரிவு எட்டுப் பங்காக இருக்குமாறு சாய்வாகச் சீவி ஒட்டினால் இணைப்பு வலிமையாக இருக்கும். தேக்கில் உள்ள சிலிக்கா சீவுளியின் அலகை விரைவில் மழுங்கச் செய்யும் என்பதால் சாணைக்கல் பக்கத்திலேயே இருக்கட்டும். ஒட்டுவதற்குச் சற்று முன்பு, இரு முகங்களையும் அசிற்றோன் தோய்த்த துணியால் துடைத்து எண்ணெய்ப் பசையை நீக்க வேண்டும். மரத்தின் உள்ளிருந்து எண்ணெய் மீண்டும் மேலே ஏறும் என்பதால், துடைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாமல் அப்போதே எபொக்சிப் பசையைப் பூசிவிடுங்கள். இறுக்கிகளை அளவோடு இறுக்குங்கள். மிகையாக இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி, இணைப்பு வறண்டுபோகும். மலைக்குளிரில் எபொக்சி இறுகப் பல மடங்கு நேரம் எடுக்கும், இரவுக் குளிர் கடுமையானால் இறுகாமலேயே நின்றுவிடவும் கூடும். ஆகவே காலையில் ஒட்டுவதே சிறந்தது.

திருகாணிகளை மாற்றும்போது சாதாரண இரும்பை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். வெண்கலம் அல்லது துருப்பிடிக்காத உருக்கு வேண்டும். முன்பு ஒருவரிடம் ஒப்படைத்த வேலையில் நான்கு இரும்பு ஆணிகள் நுழைந்துவிட்டன. ஒரே மழைக்காலத்தில் நான்கையும் சுற்றிக் கைப்பெருவிரல் அளவு கறுப்பு வட்டங்கள் விழுந்தன. திருகாணித் தலையை மூடும் வட்ட மரமுளையை, அதன் நார்கள் சட்டத்தின் நார்களோடு ஒரே திசையில் ஓடுமாறு வைக்க வேண்டும். அதை எபொக்சியால் ஒட்டாமல் வார்ணிஷில் தோய்த்துப் பதிப்பதே என் வழக்கம். பின்னொரு நாள் திருகாணியைக் கழற்ற நேர்ந்தால் மரம் பிளவாமல் முளை வெளியே வரும். மிகுந்து நிற்கும் பகுதியை உளியால் ஒரே தட்டில் வெட்டாமல், முதலில் மேலாக ஒரு சிறு தட்டுத் தட்டி, நார் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தேய்த்தல் இதற்குப் பிறகே வருகிறது. 80 இலக்க அரத்தாளை ஆழமான பள்ளங்களுக்கு மட்டும் பயன்படுத்தி, 120, 180 என்று ஏறி 220 இல் நிறுத்துங்கள். எல்லாப் பள்ளங்களையும் சமப்படுத்த முயலவேண்டாம். வார்ணிஷ் பூச்சுகள் சிறு பள்ளங்களைத் தாமே நிரப்பும். தேக்கின் தூள் சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சு இளைப்பையும் உண்டாக்குவதால் முகக்கவசம் அணியுங்கள்.

எண்ணெயா, வார்ணிஷா என்ற கேள்விக்கு என் விடை உறுதியானது. கால் வைக்கும் பலகைகளை வெறுமையாக விட்டுவிடுங்கள்; அவை சாம்பல் நிறமாவதால் ஒரு நட்டமும் இல்லை, வார்ணிஷ் பூசினால்தான் ஈரத்தில் வழுக்கும். ஆளி எண்ணெயை இந்த ஈரமான மலைகளில் நான் பரிந்துரைப்பதில்லை. பூஞ்சணத்துக்கு அது தீனி, ஆறு மாதத்தில் மரம் கறுத்துவிடும். விளிம்புச் சட்டத்துக்கும் சுக்கான் பிடிக்கும் கழியூதாத் தடுப்பு உள்ள கடல்தர வார்ணிஷே ஏற்றது.

வார்ணிஷ் பூசும் நாளில் காலை ஒன்பது மணிவரை ஒன்றும் செய்யாதீர்கள். சனவரி, பெப்ரவரி மாதங்களில் உறைபனியும் பனித்துளியும் மரத்தில் படிந்திருக்கும். வெயில் ஏறி அவை உலர்ந்து, மரம் கைக்கு வெதுவெதுப்பாகத் தெரியும்போது, அசிற்றோனால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். பிற்பகல் இரண்டு மணிக்குத் தூரிகையைக் கீழே வைத்துவிடுங்கள். இந்த எல்லையை நான் அனுபவத்தில் கற்றேன். ஒருமுறை மூன்றாம் பூச்சை மாலை நான்கு மணிக்குப் பூசி முடித்தேன், வானமும் தெளிவாகவே இருந்தது. ஐந்தரைக்குள் நீர்த்தேக்கத்தின் மேலிருந்து மூடுபனி ஏறி வந்து கொட்டகைக்குள் நுழைந்தது. மறுநாள் காலையில் சட்டம் முழுவதும் சோற்றுக்கஞ்சி ஊற்றியதுபோல வெளுத்துக் கிடந்தது. அந்தப் பூச்சு முழுவதையும் தேய்த்தெடுக்க இரண்டு நாட்கள் ஆயின. மரத்தின் மேற்பரப்பு, பனி படியும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதே விதி. கருவி இல்லாதோர், சூரியன் மலைக்குப் பின்னே மறைய நான்கு மணிநேரமாவது மீதி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

முதற்பூச்சில் வார்ணிஷும், டின்னில் குறிப்பிட்டுள்ள தின்னரும் பாதிக்குப் பாதி கலந்து, மரம் குடிக்கும்வரை கொடுங்கள். இரண்டாம் பூச்சில் தின்னர் கால் பங்கு, மூன்றாவதில் பத்தில் ஒன்று, அதன்பின் கலப்பின்றி. ஆறு பூச்சுக்குக் குறைந்தால் இந்த வெயிலுக்குத் தாக்குப்பிடிக்காது. நான் எட்டுப் பூசுகிறேன். டின்னைக் குலுக்காதீர்கள், குமிழிகள் ஏறும். பழைய நைலோன் காலுறை ஒன்றால் வடிகட்டி வேறொரு கிண்ணத்தில் ஊற்றிப் பயன்படுத்தி, மிஞ்சியதைத் திரும்ப டின்னில் சேர்க்காமல் விடுங்கள். பூச்சுகளுக்கு இடையே ஒரு முழுநாளாவது உலரவிட்டு, 320 இலக்க அரத்தாளால் பளபளப்பு மங்கும்வரை மட்டும் இலேசாகத் தேய்த்து, தூளைத் துடையுங்கள். பலகைகளின் வெட்டுமுனைகளுக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு பூச்சாகக் கொடுப்பது நல்லது; நீர் உட்புகும் வாசல் அதுவே.

எண்ணெய் வகை எதையாவது பயன்படுத்தினால், துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். ஆளி எண்ணெய் தோய்ந்த துணி உலரும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கக் கூடியது. தோட்டத்து லயக் காம்பராவில் விறகுக் கட்டுக்குப் பக்கத்தில் அப்படி ஒரு துணி கிடந்தால் வீட்டு வரிசை முழுவதற்கும் ஆபத்து. துணியை விரித்து வெளியே உலர்த்துங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த வாளிக்குள் அமுக்கி வையுங்கள்.

முடிந்த வேலையைக் காப்பது பெரிய வேலை அன்று. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் மேற்பரப்பை மங்கலாக்கி இரண்டு பூச்சுக் கொடுத்தால், சட்டத்தை மறுபடியும் வெறும் மரம்வரை சுரண்டவேண்டிய நாள் நெடுந்தொலைவு தள்ளிப்போகும். கரையில் மோதிச் சிறு கீறல் விழுந்தால் அன்றே உலர்த்தி ஒரு துளி வார்ணிஷை வைத்து மூடுங்கள். அவ்விடத்தில் இறங்கும் நீர் பூச்சின் அடியில் பரவிக் கறுப்பாக்கிவிடும். மழைக்காலத்தில் படகைப் படங்கால் மூடும்போது, அது மரத்தோடு ஒட்டிக் கிடக்கவிடாதீர்கள். நடுவே ஒரு மூங்கிலை நீளவாக்கில் தாங்குகொம்பில் கட்டி, கூடாரம்போல இருபுறமும் சரியவிட்டு, முன்னும் பின்னும் ஒரு முழம் திறந்து வைத்தால் காற்று ஊடே போகும். படங்கின் உட்புறம் வேர்க்கும் நீரும் சட்டத்தில் சொட்டாமல் வெளியே வழியும்.