ஆங்கில வினைச்சொற்களை அகரவரிசையில் படிக்காதீர்கள்

ஆங்கில வினைச்சொற்களின் மூன்று வடிவங்களையும் 'ஏ' முதல் 'இசட்' வரை பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு. ஓசை ஒத்த சொற்களைக் குடும்பமாகச் சேர்த்து, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

கட், புட், ஹிட், ஷட் ஆகியவை மூன்று வடிவங்களிலும் மாறாதவை; ஒரு நிமிட வேலை. அடுத்தது ட்ரிங்க், ட்ரேங்க், ட்ரங்க். இதில் மாறுவது நடுவிலுள்ள உயிரொலி மட்டும்: இ, ஏ, அ. ரிங், ஸ்விம், பிகின் மூன்றும் இதே தாளத்தில் நடக்கும். ஆனால் ப்ரிங் இந்தக் கூட்டத்தில் சேராது! அது ப்ராட் என்று மாறி, திங்க், டீச், கேட்ச் இருக்கும் வீட்டுக்குப் போய்விடும்: தாட், டாட், காட். ரீட் இன்னும் குறும்பு. எழுத்து மூன்றிலும் ஒன்றே. உச்சரிப்புதான் ரீட், ரெட், ரெட்.

'ஈடி' சேர்ந்து இறந்தகாலமாகும் சொற்களில் நம்மவர் பலர் 'வாக்கெட்' என்கிறார்கள். 'வாக்ட்' என்பதே சரி. வான்ட், நீட் போல 'டி' (t அல்லது d) ஒலியில் முடிபவற்றுக்கு மட்டும் 'இட்' கூடுதலாக ஒலிக்கும்: வான்டிட், நீடிட்.

வாக்கியத்தில் 'டிட்' வந்துவிட்டால் அதுவே காலத்தைக் காட்டிவிடும். பின்னால் முதல் வடிவம் போதும். 'டிட் நாட் வென்ட்' தவறு, 'டிட் நாட் கோ' என்றே சொல்லுங்கள். மூன்றாம் வடிவத்துக்கோ துணை வேண்டும்: 'ஐ ஸீன்' அல்ல, 'ஐ ஹேவ் ஸீன்'.