மெல்லிய கிரானைட் பேனலை முகப்புச் சுவரில் மாட்டுவது எப்படி?

18 மி.மீ. கிரானைட் ஸ்லாப் சதுர அடிக்கு நாலரை கிலோ. 4 அடிக்கு 2 அடி துண்டு என்றால் 36 கிலோ. இரண்டாம் மாடிச் சாரத்தில் அதை வைத்துக்கொண்டு மட்டம் பார்ப்பது யாருக்கும் சுகமான வேலை இல்லை. அதே கல்லை 5 மி.மீ. கனத்துக்கு அறுத்து, பின்னால் அலுமினிய ஹனிகோம்ப் (தேன்கூடுபோல் கண்கண்ணாக இருக்கும் லேசான பலகை) ஒட்டிய பேனல் 13, 14 கிலோதான் வரும். ஆனால் இது சுவருக்குப் போடும் சட்டை மட்டுமே. பாரம் தாங்காது, பின்னால் கான்கிரீட்டோ, கட்டுச் சுவரோ, இரும்புச் சட்டமோ இருந்தாக வேண்டும்.

டைல்ஸ் ஒட்டுகிற மாதிரி சிமென்ட் கலவையில் ஒட்டிவிடுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. ஈரச் சிமென்டின் காரம் அலுமினியத்தை அரித்துவிடும். வெளிச்சுவர் என்றால் சட்டம் அடித்து, கொக்கியில் மாட்டுவதுதான் சரி.

20 அடிக்கு 10 அடி சுவரை எடுத்துக்கொள்வோம். 200 சதுர அடி, 25 பேனல். கூடுதலாக இரண்டு வாங்கி வையுங்கள். பிறகு தேடினால் அதே கல் பாளத்தின் நிறம் கிடைக்காது. இணைப்பு இடைவெளி 6 மி.மீ. என்பதால் பேனலின் நீள, அகலத்தில் அந்த 6 மி.மீ.யைக் கழித்தே ஆர்டர் கொடுங்கள். இறங்கியதும் தரையில் வரிசையாகப் பரப்பி, நிறம் பார்த்து, முதுகில் எண் எழுதுங்கள். பிறகு விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். ஹனிகோம்ப் என்பதால் எங்கே தட்டினாலும் சற்றுப் பொள்ளலாகத்தான் கேட்கும். ஓரிடத்தில் மட்டும் சத்தம் மாறினால் அங்கே ஒட்டு விட்டிருக்கிறது, திருப்பி அனுப்புங்கள்.

சுவருக்கு முதலில் வாட்டர்புரூஃப் பூச்சு. அதன்மேல் 2 அடிக்கு ஒன்றாக 11 அலுமினியப் பெட்டிக் குழாய்களை எல் பிராக்கெட்டில் நிறுத்துங்கள். தூக்குக்குண்டு விட்டால் சுவர் 10, 15 மி.மீ. பிதுங்கியிருப்பது தெரியும், அதைப் பிராக்கெட்டின் நீள்துளையில் சரிக்கட்டலாம், பூச்சைக் கொத்த வேண்டாம். ஏஏசி பிளாக் (காற்றுக்குமிழ் நிறைந்த லேசான சிமென்ட் கல்) சுவரில் சாதாரண எக்ஸ்பான்ஷன் போல்ட் பிளாக்கை உடைத்துக்கொண்டு வந்துவிடும். பசை ஊற்றிப் பிடிக்க வைக்கும் கெமிக்கல் ஆங்கர் போடுங்கள், அல்லது தூணிலும் பீமிலும் மட்டும் பிடியுங்கள். போல்ட் எல்லாம் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) 304 ரகம். கடலோர ஊர் என்றால் 316.

குழாயின் மேல்முனையை இறுக்கி, கீழ்முனையை நீள்துளையில் நகர விடுங்கள். வெப்பம் 40 டிகிரி ஏறினால் 10 அடி அலுமினியம் ஏறக்குறைய 3 மி.மீ. நீளும். இரு முனையும் இறுகினால் குழாய் வில்லாக வளைந்து, இணைப்புகள் கோணும். வெல்டிங் ஏதாவது இருந்தால் பேனல் ஏறுமுன் முடித்துவிடுங்கள். சூட்டில் கல்லையும் ஹனிகோம்பையும் ஒட்டிய பசை இளகும்.

பேனலின் முதுகில் புதைத்திருக்கும் மரையில் கொக்கியைத் திருகும்போது ஸ்க்ரூ நீளத்தை அளந்து பாருங்கள். இரண்டு மி.மீ. கூடினாலும் நுனி கல்லைப் பின்னாலிருந்து குத்தி, முகத்தில் மயிரிழை விரிசல் வரும். அன்றைக்குத் தெரியாமல் சில வாரம் கழித்தும் தெரியலாம்.

கீழ்வரிசையிலிருந்து மேலே போக வேண்டும். கொக்கியைத் தூக்கி இறக்கித்தான் மாட்ட முடியும் என்பதால், உச்சி வரிசைக்கு மேல் 15 மி.மீ. விட்டு, அந்த இடத்தைப் பிறகு தகட்டால் மூடுங்கள். அடியில் 10 மி.மீ. திறந்தே இருக்கட்டும், பூச்சி வலை மட்டும் போதும். உள்ளே இறங்கும் மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் வெளியேறும். வெட்டிய ஓரங்களில் ஹனிகோம்ப் கண் தெரிந்தால் எபாக்சி பூசி அடையுங்கள். மூலைகளில் 45 டிகிரி சாய்த்து வெட்டுவதை விட, தொழிற்சாலையிலேயே எல் வடிவில் ஒட்டி வாங்குவது நல்லது. சாய்வெட்டின் மெல்லிய விளிம்பு லேசாக இடித்தாலே பெயரும்.

இணைப்புக்குக் கல்லில் கறை விடாத நியூட்ரல் சிலிகான்தான். புளித்த வாடை அடிக்கும் மலிவு சிலிகானில் மிச்சம் பிடிக்காதீர்கள். கல்லுக்கு ஒத்துவராத சிலிகானின் எண்ணெய் கசிந்து ஒவ்வொரு பேனலைச் சுற்றியும் கறுப்புச் சட்டம் கட்டியதுபோல் ஆகிவிடும், மதுரைப் பக்கத்துக் காஷ்மீர் ஒயிட் போன்ற வெளிர் கற்களில் இன்னும் மோசம்.

பைக் நிறுத்தும் இடத்தில் இடிபடும் என்பதால், கீழே 3 அடிக்கு வழக்கமான 18 மி.மீ. ஸ்லாபே போடுங்கள். வேலை முடிந்ததும் ஆசிட் ஊற்றிக் கழுவ விடாதீர்கள். இணைப்பில் இறங்கினால் அலுமினியம் போய்விடும். சோப்புத் தண்ணீர் போதும்.