பெட்ரோல் முள் பொய் சொல்கிறதா? மீட்டரை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

டேங்க் தளும்பினாலும் முள் பாதிக்கு மேல் ஏறாது. ஆறு மாதம் இப்படியே ஓட்டினேன். ஒரு நாள் திருவொற்றியூர் பங்க்கில் "1500-க்குப் போடுப்பா" என்றேன். 600-லேயே நாசில் டக்கென்று நின்றது. "ஃபுல்லாத்தான் சார் இருக்குது" என்று பையன் சிரித்தான்.

என்னுடையது 2003 மாடல் பெட்ரோல் கார், முள் மீட்டர். டிஜிட்டல் கட்டம் காட்டும் கார்களுக்கு இந்த முறை வேண்டாம்.

முதலில் பின் சீட்டைத் தூக்குங்கள். அடியில் தகர மூடி, அதற்குள் டேங்க் ஒயர்களை இணைக்கும் கப்ளர். (சில கார்களில் டேங்கையே இறக்க வேண்டும், அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.) பம்ப்பும் டேங்குக்குள் இருந்தால் ஒயர்கள் கூடுதலாக இருக்கும். டேங்குக்குள் பெட்ரோலோடு ஏறி இறங்கி மீட்டருக்கு அளவைச் சொல்வதுதான் மிதவை. ஒயரிங் படத்தில் மிதவை ஒயர் எது என்று உறுதி செய்யாமல் தொடாதீர்கள்.

சாவியை அணைத்து, கப்ளரைக் கழற்றி, மீட்டருக்குப் போகும் மிதவை ஒயரை எர்த்தில் (மின்சாரம் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) இணைத்துவிட்டு, பிறகு சாவியைப் போடுங்கள். நாலைந்து நொடி போதும். என் கார் வகையில் முள் முழுசாக F-க்குப் போக வேண்டும். போனால் மீட்டர் நல்லது. சில கார்களில் இது தலைகீழ், E-க்குப் போகும்.

நான் கோட்டைவிட்டது இங்கேதான். பக்கத்தில் இருந்த பாடி போல்ட்டிலேயே எர்த் எடுத்தேன். முள் பாதியில் நின்றது. மீட்டர் போச்சு என்று முடிவு கட்டி, புதுப்பேட்டையில் அலைந்து பழைய மீட்டர் வாங்கி மாட்டினால், அதுவும் பாதி! மிதவையின் எர்த்தும் அதே போல்ட்டில்தான் இருந்தது. காசிமேட்டுக் கடல்காற்றில் நிற்கும் வண்டி. போல்ட்டுக்கு அடியில் துரு பொரிந்து கிடந்தது. துரு தடையைக் கூட்டும், மின்னோட்டம் குறையும், முள் இறங்கும். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் முள் கொஞ்சம் சரிந்ததற்கும் அதுவே காரணம். பிரேக் லைட்டுக்கும் அதே எர்த். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆகவே சோதனைக்கு, பேட்டரி நெகட்டிவிலிருந்து நீளமான ஒயர் இழுத்து வாருங்கள்.

சரிசெய்வது பத்து நிமிட வேலை. பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு போல்ட்டை எடுத்து, தகரம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். வெறும் ஸ்ப்ரே அடிப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

எர்த் சரியாகியும் முள் ஏறவில்லையென்றால் மிதவையைப் பாருங்கள். மல்டிமீட்டரில் அதன் ஓம்ஸ் (மின்தடை) அளவு, கையால் தூக்கத் தூக்க, குதிக்காமல் சீராக மாற வேண்டும். மல்டிமீட்டர் மலிவானதே போதும். டேங்கைத் திறக்கும்போது பக்கத்தில் பீடி, விளக்கு எதுவும் கூடாது.

பின்சேர்க்கை: ஒருவருக்கு டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்தே தப்பாகக் காட்டுகிறதாம். அப்படியானால் டேங்க் பக்கம் போகவே வேண்டாம். டேஷ்போர்டுக்குள், இரண்டுக்கும் பொதுவான சப்ளையையும் எர்த்தையும் பாருங்கள்.